பனியில் கழற்றிய சப்பாத்து

சந்தேகத்தோடு படியேறி வரும் மனைவிமார் வழக்கமாக ஹோட்டல் ரசீதைக் கொண்டுவருவார்கள். கொஞ்சம் வசதியான வீடென்றால் நகைக்கடைப் பில். சாரதாதேவி கைப்பையைத் திறந்து மேசையில் வைத்தது ஒரு றெமோர்க்கின் கார்த் கிறி. காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற வண்டியின் பதிவுப் பத்திரம். பிரெஞ்சுத் தலைநகரின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், இந்த இரண்டாம் மாடி அறையில், துப்பறியும் மிருணாளினிக்கு ஒரு வருடமாக உதவியாளனாக இருக்கும் செசில் இப்படி ஒரு கள்ளக்காதலைக் கண்டதில்லை.

"இது போட் ஏத்துற றெமோர்க்," என்றார் சாரதாதேவி. "போட்டும் வாங்கியிருக்கிறார். பழசு. இந்தா, வித்தவர் எழுதிக் குடுத்த கடதாசி. மாசியிலை வாங்கினது, இப்ப சித்திரை. எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டால் பின்னேரம்தான் வாறார். கேட்டால் மொத்தச் சந்தைக்குப் போனனான் எண்டுறார்."

"ஞாயிற்றுக்கிழமை சந்தை பூட்டெல்லோ," என்றாள் மிருணாளினி.

"அது எனக்குத் தெரியாதோ, பிள்ளை? ஆருக்காக வாங்கினவர் எண்டு மட்டும் எனக்குத் தெரியவேணும்."

மிருணாளினி பத்திரத்திலிருந்த பெயரைச் சத்தமாக வாசித்தாள். குணரத்தினம். அதே தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குணரத்தினம். செசிலின் வாயில் தயாராக இருந்த பகிடி அங்கேயே நின்றுவிட்டது.

அந்தப் பெயரை அவனால் இரண்டு வருடமாக மறக்க முடியவில்லை. தர்மிளாவின் தகப்பன். நாலு வருடம் காதலித்த பெண்ணை முறைப்படி கேட்க வேண்டும் என்று செசிலின் அக்கா ரெலிபோன் எடுத்தபோது, அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதிலை அவன் பக்கத்தில் நின்று கேட்டான். "வேதக்காரர் எண்டதைக்கூட யோசிச்சிருப்பன், தங்கச்சி. கடல்காரர் வீட்டிலை நாங்கள் சம்பந்தம் செய்யிறேல்லை." கிறிஸ்தவன் என்பதல்ல, மீனவன் என்பதுதான் குற்றம். தர்மிளா மூன்று மாதம் அழுதாள். பிறகு தகப்பனின் சொல்லைத் தட்ட முடியாமல் ரொறன்ரோ மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். இப்போது அவள் கையில் ஒரு குழந்தை. செசில் அதன் படத்தைப் பார்த்திருக்கிறான், பார்த்திருக்கக்கூடாது. அவன் கதைக்குக் கதை பகிடி விடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். பகிடி விடாத நேரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

பெண் வீட்டுக்கு அவனுடைய படம்கூடப் போய்ச் சேரவில்லை. ஆகவே எதிரில் இருந்த அந்தத் தாய்க்கு அவனைத் தெரியாது. கதை தெரிந்த மிருணாளினியும் கவனமாக, அவன் பெயரைச் சொல்லாமல், "இந்தத் தம்பியும் நானும் போய்ப் பாக்கிறம், அன்ரி," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

படியில் காலடிச் சத்தம் இறங்கி ஓய்ந்த பிறகு அவள் கண்ணாடியைக் கழற்றினாள். நீதிமன்றங்களில் பதினெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். பொய்யை இரண்டு மொழியில் கேட்டுப் பழகியவள்.

"வேண்டாமெண்டால் சொல்லும், செசில். நான் தனியப் போவன்."

"ஏனக்கா? அந்த மனுசனுக்குச் சின்ன வீடு ஒண்டு இருக்கெண்டு கண்டுபிடிக்கிற புண்ணியம் எனக்கே கிடைக்கட்டும். சம்பளம் இல்லாமலும் செய்வன்."

"பகிடியோ, உண்மையோ?"

"உண்மை," என்றான். உண்மைதான். குலம், மானம் என்று சொல்லி அவன் வாழ்க்கையை ஒரு ரெலிபோனில் முடித்தவரின் மானம் நடுத்தெருவில் கிடப்பதைப் பார்க்க வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் பிடித்து, மார்ன் ஆற்றங்கரையிலிருக்கும் ஷெல் என்ற ஊரில் இறங்கினார்கள். கடதாசியில் இருந்த முகவரியில் படகை விற்ற அர்னோ என்பவர் தன் கராஜ் வாசலிலேயே நின்றார். எழுபது தாண்டிய, ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். மனைவி இறந்த பிறகு படகில் தனியாக ஏற மனமில்லாமல் விற்றவர். யாராவது வந்து படகைப் பற்றிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல அவர்களைக் கூட்டிப்போய்க் கோப்பி ஊற்றினார்.

"வாங்க வருகிறவர்கள் முதலில் வேகத்தைக் கேட்பார்கள்," என்றார் பிரெஞ்சில். "இந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. படகின் பின்பலகையை விரல் மொழியால் தட்டினார். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, காதைக் கிட்ட வைத்துக்கொண்டு. உள்ளே மரம் ஊறியிருந்தால் சத்தம் மாறுமாம்."

மிருணாளினி செசில் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "தேங்காய் விக்கிற மனுசன். தட்டிப் பாக்காமல் வாங்குவாரே?"

"பிறகு மோட்டரின் அடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை விரலில் எடுத்துத் தேய்த்து மணந்தார். பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறதாம்."

"நல்லெண்ணெய் ரின் திறந்தாலும் அதைத்தான் செய்வார்," என்றாள் மிருணாளினி.

"படகு சரி என்றார். ஆனால் என் றெமோர்க்கைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்." அர்னோ அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "பத்து வருடம் அதை இழுத்திருக்கிறேன். வேகமாகப் போனால் பின்னால் நாய் வாலாட்டுவது மாதிரி ஆடும். அது அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் என் குளியலறைத் தராசைக் கேட்டார். கார் கொளுவுகிற முனையைக் கட்டையில் முட்டுக் கொடுத்துத் தராசில் வைத்தார். இருபது கிலோ. படகு பின்னுக்கு அதிகம் தள்ளி இருக்கிறது, அதுதான் ஆடுகிறது என்றார். படகின் மூக்கு முட்டுகிற கம்பத்தின் ஆணிகளைக் கழற்றி ஒரு முழம் முன்னுக்கு நகர்த்தினோம். உருளைகளையும் அடிக்குப் பொருந்தத் திருத்தினார். திரும்ப நிறுத்தபோது அறுபது கிலோ. இனி ஆடாது என்றார். ஆடவில்லை. அவருடைய வான் வண்டியில் கொளுக்கி இல்லை, நான்தான் இழுத்துக்கொண்டுபோய் விட்டேன்."

"தராசு," என்றாள் மிருணாளினி. "அதுவும் பலசரக்குத்தான்."

"இப்பிடியே போனால் போட்டுக்கு விலைச்சீட்டும் ஒட்டியிருப்பாரக்கா."

மிருணாளினி சிரிக்காமல் கேள்வியைப் போட்டாள்: "அவரோடு பெண் யாரும் வந்தார்களா, மிசியே?"

"இல்லை, மதாம். தனியாகத்தான். ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை." அர்னோ ரெலிபோனை எடுத்து ஒரு படத்தைத் தேடினார். "அன்று பனி கொட்டியிருந்தது. படகில் ஏறிப் பாருங்கள் என்றேன். அவர் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். படகின் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு வெறுங்காலோடு ஏறினார். சொன்னால் என் மகள் நம்பமாட்டாள் என்று படம் எடுத்து வைத்தேன்."

படத்தில் ஒரு தடித்த மேல்சட்டை, கம்பளித் தொப்பி, கீழே பனியில் இரண்டு கறுப்புப் பாதங்கள்.

"தமிழர் வீட்டுக்குள்ளை செருப்போடை போறேல்லை. அந்தப் பழக்கமாக்கும்," என்றாள் மிருணாளினி. அவளுக்கே அது முழுதாகப் பொருந்தவில்லை. செசிலின் பகிடியை எதிர்பார்த்துத் திரும்பினாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

றெமோர்க்கை எங்கே விட்டார் என்று கேட்டு, நன்றி சொல்லி, தெருவுக்கு வந்த பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. மிருணாளினிக்கு அது புதிது. செசில் பேசாமல் நூறு அடி நடந்தால் உலகத்தில் எங்கோ ஏதோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம்.

"என்ன கண்டனீர்?"

"அக்கா, என்ர அப்பா மன்னார்ப் பேசாலையிலை வள்ளம் வைச்சிருந்தவர். செருப்போடை வள்ளத்திலை ஏறின மாமாவை ஒருக்கால் கடலுக்குள்ளை தள்ளிவிட்டவர். சொந்த மச்சானை. வள்ளம் சோறு போடுற சாமி. வீட்டுக்குள்ளை ஆரும் கழட்டுவினம். பனி கொட்டேக்கை, தரையிலை நிக்கிற போட்டிலை ஏறக் கழட்டுறவன் கடல்காரன் ஒருத்தன்தான். அணியத்தைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினவராம். அது பலசரக்குக் கடையிலை படிக்கிற பாடமில்லை."

"அவர் சுன்னாகமெல்லோ, கடலில்லாத ஊர். தோட்டம் செய்யிற ஆக்கள். மீன்பெட்டி வந்தால் மூக்கைப் பொத்துற மனுசன்."

"ஓம். ஊரெல்லாம் பாக்கத்தானே பொத்துறவர்."

மிருணாளினி நின்றாள். பலசரக்கு என்று அவள் வரிசையாகக் கொளுவி வைத்த தடயங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பின்பலகை, எண்ணெய், பாரம். எல்லாம் கடல். யானைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். செசிலுக்கோ சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கடல்காரன் என்று அவனை ஒதுக்கியவர் கடல்காரர். இது நியாயமா என்று யாரிடம் போய்க் கேட்பது?

அர்னோ சொன்ன வளவு, ஒரு வேலிக் காணி, ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. தோட்டவேலைச் சாமான்கள் அடுக்கிய இடம். ஒரு மூலையில் தார்ப்பாய் விலக்கிய வெள்ளைப் படகு, றெமோர்க்கின்மேல், சில்லுகளுக்குக் கட்டை வைத்தபடி. அதற்குள் குணரத்தினம் தனியாக இருந்தார். பக்கத்தில் ஒரு தேநீர்ப் போத்தல். வேறு யாரும் இல்லை. தண்ணீரும் இல்லை.

"நீர் போம்," என்றாள் மிருணாளினி. "நான் இஞ்சை நிக்கிறன்."

செசில் நேராகப் படகுக்கு நடந்தான். என்ன கேட்பது என்று ரயிலிலிருந்தே நினைத்து வைத்த சொற்கள் எல்லாம் கூரானவை. கையை வைத்து ஏறப் போனபோதுதான் தன் சப்பாத்து இரண்டும் கீழே கழன்று கிடப்பதைக் கவனித்தான். எப்போது கழற்றினான் என்று அவனுக்கே நினைவில்லை. குணரத்தினம் கவனித்தார். அவருடைய முகம் வெளிறியது.

"தெரிஞ்சு போச்சென்ன," என்றார்.

"எந்தக் கரை, அங்கிள்?"

"மயிலிட்டி." அந்தச் சொல்லை முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு சொன்னவர் போல அவர் கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இன்னொருத்தன்ர பாஸ்போட்டிலை வந்தனான். பேர் குணரத்தினம், ஊர் சுன்னாகம். முதல் நாள் அறையிலை எட்டுப் பேர். எந்த ஊரெண்டு கேட்டாங்கள். பாஸ்போட்டிலை இருந்ததைச் சொன்னன். அப்ப பக்கத்திலை ஒருத்தன் கடல்காரரைப் பற்றி ஒரு கதை சொன்னான், எல்லாரும் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சன். அதோடை சரி. பிறகு மாத்த ஒரு நாள் வரேல்லை."

"அன்ரிக்கு?"

"சாரதாவுக்குத் தெரியாது. சுன்னாகத்துப் பொடியன் எண்டுதான் கட்டித் தந்தவை. இடம்பெயர்ந்த காலம், விசாரிக்க ஆளில்லை. தெரிஞ்சால் மனுசி முறிஞ்சு போவாள்."

"என்னை உங்களுக்குத் தெரியுதோ?"

"செசில்," என்றார் அவர். "மார்க்ஸ் டோர்மோயிலை நீர் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்கு ரெண்டு தரம் வந்தனான். உமக்குத் தெரியாது. கண் தெரியாத ஒரு வயசானவருக்கு நீர் பக்கத்திலை இருந்து மீன்முள்ளு எடுத்துக் குடுத்தனீர். நல்ல பிள்ளையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் வேண்டாமெண்டனான். நீர் கெட்டவனாயிருந்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்."

ஏசினால் திருப்பி ஏசலாம். இதற்கு என்ன செய்வது?

"அப்ப ஏன்?"

"கலியாணத்துக்கு உங்கடை ஆக்கள் நூறு பேர் வருவினம். மயிலிட்டித் துறைக்கு மன்னாரிலை இருந்து தொழிலுக்கு வந்த ஆக்கள் எத்தினை பேர். ஒருத்தன் காணும், மண்டபத்திலை வைச்சு, 'இது மயிலிட்டி இன்னாற்றை பொடியனெல்லோ' எண்டு கேக்க. உம்மிலை எனக்கு வெறுப்பில்லை, தம்பி. பயம். என்ர பயத்துக்கு என்ர பிள்ளையைத் தின்னக் குடுத்திட்டன்."

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை முடுக்கினார்கள்.

"பிள்ளை போன பிறகு கடையிலை நிக்கேலாது," என்றார் குணரத்தினம். "மீன்பெட்டி வாற நாளிலை மூக்கைப் பொத்துவன். அது என்ர அப்பற்றை மணம். இஞ்சை வந்திருந்தால் பொத்தத் தேவையில்லை."

"தண்ணியிலை இறக்கேல்லையோ?"

"பெர்மி வேணும், போட் ஓட்டுற லைசென்ஸ். வகுப்புக்குப் போனால் ஆரும் எங்கடை ஆக்கள் காண்பினம்." அவர் மெல்லச் சிரித்தார், பிறகு முகத்தைத் துடைத்தார். "சாரதா அனுப்பினவளோ? போய்ச் சொல்லப் போறீரோ?"

இதற்காகத்தான் அவன் வந்தான். ஒரே ஒரு சொல் போதும், இந்த மனிதரின் வீடு இடிந்து விழும். இரண்டு வருடமாக அவன் கேட்ட வரம் கையில் வந்து நின்றது. வைத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

"பொம்பிளை ஒருத்தியும் இல்லையெண்டு சொல்லுவன்," என்றான் செசில். "அன்ரி கேட்டது அதைத்தான்."

மறுநாள் காலை பத்து மணிக்குச் சாரதாதேவி வந்தார். மிருணாளினி நிதானமாக, ஒரு சொல் கூட்டாமல் சொன்னாள். படகு ஆற்றங்கரை ஊரொன்றில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதற்குள் போய்த் தனியாக இருக்கிறார். தேநீர் குடிக்கிறார். வேறு யாரும் வருவதில்லை. வயது போனால் மனிதருக்கு இப்படி ஒரு விசர் வரும், அவ்வளவுதான்.

சாரதாதேவி கண்ணை மூடித் திறந்தார். நெஞ்சில் கட்டியிருந்த எதுவோ அவிழ்ந்தது வெளியே தெரிந்தது. பிறகு செசிலைப் பார்த்துக் கேட்டார்:

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டோ இருக்கிறார்?"

எத்தனையோ சாட்சிகளைத் தடுமாறாமல் மொழிபெயர்த்த மிருணாளினிக்கு அந்தக் கேள்விக்கு ஒரு மொழியிலும் சொல் வரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமோ, அன்ரி?" என்று கடைசியில் செசில்தான் கேட்டான்.

"கலியாணம் முடிஞ்ச முதல் மாசமே தெரியும், தம்பி. நித்திரையிலை வலை இழுப்பார். ரெண்டு கையாலையும், முறை தவறாமல், போர்வையை இழுத்திழுத்துத் தன்ர பக்கத்திலை குவிப்பார். முப்பத்திரண்டு வருஷமா எனக்குப் போர்வை மிஞ்சினதில்லை. சுன்னாகத்திலை ஆர் நித்திரையிலை வலை இழுக்கிறது?" அவர் சிரிக்க முயன்றார். "தானாச் சொல்லுவார் எண்டு பாத்திருந்தன். சொல்லேல்லை. சொல்ல வெக்கப்படுற மனுசனிட்டைக் கேக்கிறது பாவமெண்டு நானும் விட்டிட்டன். போட் எண்டதும்தான் பயந்தன். தன்ர கரையிலை இருந்து ஆரோ பழைய ஆள் வந்திட்டாள், அவளிட்டையாவது உண்மையான பேரிலை இருக்கிறார் எண்டு நினைச்சன்."

"மகளின்ர விசயம்..." என்று தொடங்கிய செசிலால் முடிக்க இயலவில்லை.

சாரதாதேவி அதை எப்படி அறிந்தாய் என்று கேட்கவில்லை. இந்தத் தெருவில் அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

"அந்தப் பொடியனை அவர் ஏன் வேண்டாமெண்டவர் எண்டு எனக்கு அப்பவே விளங்கினது. நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் காணும். எனக்கு உங்களைத் தெரியும், பயப்பிடாதேங்கோ எண்டு. அதுக்குப் பிறகு அந்த மனுசன் என்ர முகத்தை நிமிர்ந்து பாக்கமாட்டார் எண்டு பேசாமல் இருந்தன். அவற்றை வெக்கத்தை மூடினன். பிள்ளை அழுதழுது பிளேன் ஏறினாள்."

"இனியாவது சொல்லலாமே, அன்ரி," என்றாள் மிருணாளினி.

"இனி ஏலாது, பிள்ளை. இனிச் சொன்னால், மனுசிக்குத் தெரிஞ்ச ஒண்டுக்காகவோ நான் பிள்ளையை அழ வைச்சனான் எண்டு கேப்பார். அதைத் தாங்கமாட்டார். இப்பிடியே இருந்திட்டுப் போகட்டும்."

செசில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே அதே தெருவில் குணரத்தினத்தின் கடைக்கு மரக்கறிப் பெட்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒருவர் ஒளித்ததை மற்றவர் அறிந்து ஒளித்து, இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் நோகாமல் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கு நடுவில் அவனும் தர்மிளாவும். வெறுக்கக்கூட ஒருவரும் மிச்சமில்லை. அதுதான் அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

சாரதாதேவி எழுந்து மேல்சட்டையைப் போட்டார். வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் பொடியன் இஞ்சைதான் எங்கையோ இருக்கிறானாம். ஒருக்காக் கண்டு மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு இருக்கு. கண்டால் என்ன சொல்லுறது எண்டும் பயமாயிருக்கு." கொஞ்சம் யோசித்தார். "நீங்கள் எந்த ஊர், தம்பி?"

"மன்னார், அன்ரி."

அவருடைய கை கதவுப் பிடியில் இறுகியது. "மன்னாரிலை எங்கை?"

பேசாலை என்ற சொல் செசிலின் நாக்கு நுனிவரை வந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தான்.

"நகரத்துக்குள்ளை," என்றான். "கடற்கரைப் பக்கமில்லை."

"அப்ப அவனை உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாது, அன்ரி," என்றான் செசில்.